ஏழாவது கரண்டி

கூசிக்மே கிராமம்,
ஆகஸ்ட் 30, சனிக்கிழமை

தார்த்து நகரில் இருக்கும் மதிப்புக்குரிய ஹெல்வே அவர்களுக்கு, நாஸ்தோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டுவிட்டது, கூட்டுப்பண்ணையில் உருளைக்கிழங்கு தோண்ட ஆரம்பித்தாயிற்று. என் கணவர் செம்மெனுக்கு இடுப்பு வலி. அந்த வலியைக் காரணம் காட்டி நன்றாகத் தூங்குகிறார். ஓக்சேவின் மாடு கன்று போட்டது. ஊரே போய்ப் பார்த்தது. என் நாத்தனார் வீட்டில் எது நடந்தாலும் ஊர் போய்ப் பார்க்கும், அது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நீங்கள் எட்டாம் தேதி புடாபெஸ்ட் நாட்டுப்பாடல் ஆராய்ச்சி மாநாட்டுக்கு ரயில் ஏறுவதாக எழுதியிருந்தீர்கள். அதற்குள் இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று இன்று வயலுக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்களும் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

மாநாட்டில் படிக்கப்போகும் கட்டுரையை, உங்களுக்குப் பாட்டுப் பாடித் தந்த ஓக்சேவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லி அனுப்பியிருந்தீர்களே, அதில் நாலு வரிகளைத் தலையில் தூக்கிவைத்து ஆடியிருக்கிறீர்கள். மணப்பெண் புகுந்த வீட்டில் பாடும் அழுகைப் பாட்டு, ஓக்சே பாடியது என்று போட்டிருக்கிறீர்கள்:

பலகையில் ஆறு கரண்டி, படியேறி வந்தவள் ஏழு.
எந்தக் காட்டில் நிற்கிறதோ என் வாய்க்கான கரண்டி மரம்?
எந்த மழையில் நனைகிறதோ, எந்தக் கோடாலி வெட்டுமோ?
அதுவரை கையால் அள்ளுவேன், அதுவரை வாய்மூடி இருப்பேன்.

வோல்கா கரையில், மொழிவழியில் நம் தூரத்துச் சொந்தமான மாரி மக்களின் பெண்களும் கல்யாணப் பெட்டியில் சொந்தக் கரண்டி கொண்டுபோவார்களாம், அதைப் பாடுவார்களாம். அதனால் இது நம் இனமும் அவர்கள் இனமும் ஒரே அடுப்பில் சாப்பிட்ட காலத்து ஞாபகமாம். ஓக்சேவின் வாயில் ஆயிரம் வருஷம் பேசுகிறது என்று முடித்திருக்கிறீர்கள். இந்த நாலு வரி இல்லாவிட்டால் பட்டத்துக்கான பதினோரு வருஷ உழைப்புக்கு முதுகெலும்பு இல்லை என்றும் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள்.

அம்மா, அந்த வரிகளுக்கு ஆயிரம் வயதில்லை. இரண்டு வயதுகூட ஆகவில்லை. ஓக்சே அவற்றைப் பாடவே இல்லை. போன வருஷத்துக்கு முந்திய டிசம்பரில் என் சமையலறை மேஜையில் நான் எழுதியவை.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஓக்சேவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்கள் தார்த்துவில் இருக்கும் மாதங்களில் அவள் பாடுவதை நோட்டில் எழுதி அனுப்பும் வேலையை என்னிடம் கொடுத்தீர்கள். அந்த டிசம்பரில் நோட்டு சீக்கிரம் வேண்டும் என்று தந்தி அடித்தீர்கள். அவளுக்கோ பல் வலியில் கன்னம் வீங்கியிருந்தது. போய்க் கேட்டால், "பல்லு போற வலியில எனக்கு எந்தக் கல்யாணம்டி ஞாபகம் வரும்? போயிட்டு ஞாயித்துக்கெழம வா" என்று துரத்திவிட்டாள். கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. நான் நிரப்பினேன். தபால் போன பிறகு பயந்தேன், பிறகு மறந்தேன். கட்டுரையில் பார்த்தபோது முதலில் சந்தோஷத்தில் மூன்று தடவை படித்தேன். கீழே ஓக்சே பெயரைப் பார்த்ததும் வயிறு பற்றி எரிந்தது.

எரியாதா? நீங்கள் வந்த மூன்று கோடையும் தூங்கியது என் வைக்கோல் பரணில். சாப்பிட்டது நான் செய்த பாலாடைக்கட்டி, செம்மென் ஏரியிலிருந்து கொண்டுவந்த மீன். காலையில் கையைத் துடைத்துக்கொண்டு பதிவு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது ஓக்சே வீட்டுக்கு. என் வீட்டில் சோறு, அவள் வீட்டில் பாட்டு. செய்தித்தாளில் வந்த படத்தில் அவள் வெள்ளி நகையெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஓரத்தில் தெரிகிற முழங்கை என்னுடையது. இரண்டாவது கோடையில் ஒருநாள் நானாகவே ஒரு பாட்டை ஆரம்பித்தேன். நீங்கள் சிரித்த முகத்தோடுதான் கேட்டீர்கள், ஆனால் கை மெதுவாகப் போய்ப் பொத்தானை அமுக்கியது. நாடா சுற்றுவது நின்றது. மின்கலம் தீர்ந்துவிடும் என்று சொன்னீர்கள். நான் கடைசி வரை பாடி முடித்தேன்.

செம்மெனிடம் இதைச் சொன்னால் அவருக்குச் சிரிப்பு. "அக்காவுக்கு வாய் இருக்கு, பாடுறா. ஒனக்கு வயிறு இருக்கு, எரியுது" என்கிறார்.

கட்டுரையைப் போன ஞாயிற்றுக்கிழமை ஓக்சேவுக்கு வாசித்தேன். அந்த இடம் வந்ததும் வேகமாக ஓட்டிவிடப் பார்த்தேன். விடவில்லை. "நில்லு, நில்லு. அத இன்னொரு தடவ படி" என்றாள். படித்தேன். கம்பளி பின்னுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"இது எம்பாட்டு இல்லயே. இது எங்க வீட்டுக் கரண்டில்ல?"

உங்களுக்குப் புரியாது, சொல்கிறேன். நான் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் ஆறு கரண்டிதான் இருந்தது. எல்லோரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டார்கள். அப்போது இங்கேயே இருந்த ஓக்சே தன் கரண்டியை நக்கித் துடைத்துவிட்டு எழுந்து போகும்வரை நான் காத்திருந்தேன். மூன்று வாரம் அப்படித்தான் போயிற்று. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். மாரிப் பெண்களின் பெட்டியில் என்ன இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"முப்பது வருஷமா இதயா நெஞ்சுல வெச்சிக்கிட்டு இருந்த? அன்னிக்கே வாயத் தொறந்து, 'மதினி, கரண்டி குடுங்க'ன்னு கேக்குறதுக்கு என்னடி?" என்று கேட்டாள் ஓக்சே. மறுபடி பின்ன ஆரம்பித்துக்கொண்டே, "பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்று முனகினாள். அவள் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பாராட்டு. அத்தோடு விட்டிருக்கலாம்.

நேற்று முன்தினம் மரியாள் பெருநாள். மூன்று ஊர்ப் பெண்களும் புல்வெளியில் வட்டமாக நின்றோம். ஓக்சே முன்பாட்டு, அவள் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாட வேண்டும். எல்லோருக்கும் மேலே ஒற்றையாகப் போகிற குரல் என்னுடையது. அவள் எழுந்து நின்று, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், "பலகையில் ஆறு கரண்டி" என்று எடுத்தாள்! நான் என்ன செய்வேன்? என் வரியை அவள் வாயிலிருந்து வாங்கி நானே திருப்பிப் பாடினேன். நாலு வரியை அவள் பன்னிரண்டாக வளர்த்தாள். நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது, அதையும் சொல்லித் தொலைக்கிறேன். பெண்கள் தலைத்துணி ஓரத்தால் கண்ணைத் துடைத்தார்கள். பக்கத்து ஊர் வாசோ அவளைக் கட்டிப்பிடித்து, "ஏ ஓக்சே, இவ்வளவு பழைய பாட்ட இத்தன நாளு எங்கடி ஒளிச்சி வெச்சிருந்த?" என்றாள். ஓக்சே வெள்ளி நகையைச் சரிசெய்துகொண்டு அடுத்த பாட்டை எடுத்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் புள்ள ஊர் ஊரா அலைஞ்சு, குளிருல கெடந்து எழுதுன புத்தகம்டி அது. பேராசிரியருங்க முன்னாடி அவ மானம் போகக் கூடாது. எம்பேருலயே கெடக்கட்டும். யாரு வந்து கேட்டாலும் எங்கம்மா பாடுனதுன்னு சிலுவயத் தொட்டுச் சொல்லிருவேன். நீ மட்டும் வாய மூடிக்கிட்டு இரு."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அவள் சொல்வது சரி என்றும் தெரியும். நான் சும்மா இருந்தால் உங்களுக்குப் பட்டம் கிடைக்கும், ஓக்சேவுக்குப் பெயர் கிடைக்கும், ஒருவருக்கும் நஷ்டமில்லை. இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தும் பார்த்தேன். முடியவில்லை. நேர்மையால் எழுதுகிறேன் என்று என்னைப் பற்றி உயர்வாக நினைத்துவிடாதீர்கள். பொறாமையால்தான் எழுதுகிறேன். என்னிடம் இருப்பதே அந்த நாலு வரிதான். அதையும் அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் புடாபெஸ்டில் யாராவது எழுந்து கேள்வி கேட்டு நீங்கள் தலைகுனிந்து நிற்பதை நினைத்தாலும் தூக்கம் வரவில்லை. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். ஓக்சேவிடம் மெய்யாகவே பழைய பாட்டுகள் நூறு இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது அவற்றில் கிடைக்கும். வேண்டுமானால் நாளைக்கே போய் அவள் சொல்லச் சொல்ல ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதி அனுப்புகிறேன். என்னை நம்பமாட்டீர்கள் என்றால் நீங்களே வாருங்கள், பரணில் புது வைக்கோல் போட்டிருக்கிறேன்.

பயணத்துக்குக் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுளின் தாய் உங்களுக்கு வழித்துணையாக இருப்பாள். என்மேல் கோபம் வரும், நியாயம்தான். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள், முழுவதும் படிப்பேன். ஆனால் கடைசியில் ஒன்றுக்கு மட்டும் பதில் போடுங்கள். கட்டுரையில் அந்த நாலு வரிகளைத் தேன் என்றும் வெள்ளி என்றும் எழுதினீர்களே, இப்போது எழுதியது யார் என்று தெரிந்துவிட்டது. இப்போதும் அந்த வரிகள் நன்றாக இருக்கின்றனவா?

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்க்கும்
நாஸ்தோ