நாற்பத்து மூன்று பல்

ஜூன் 10, செவ்வாய். மதியம் 12.20. போல்ட் 64.

கழற்றியது 64, மாட்டியது 64. தட்டில் மிச்சம் ஒன்றுமில்லை. அக்காவின் இருபத்திரண்டு வயது டீசல் வண்டிக்கு, நான் லீவில் வந்த ஆறே நாளில் வேறு கியர்பாக்ஸ், முன்னும் பின்னும் வேறு டிஃபரன்ஷியல் – சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டி. எல்லாம் உடைசல் கடையில் பிடித்தவை. ஒர்க்‌ஷாப்காரர் இதற்கு மூன்று வாரம் கேட்டார். மூன்று வாரம் எதற்கு, டீ குடிக்கவா?

மூன்றாம் கியர் இனி தானாகக் கழலாது. பின்பக்க ஊளையும் போயிற்று. அக்கா தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து, "இந்த வண்டியில பாட்டுப்பெட்டி இல்லைன்னே இப்பத்தான்டா தெரியுது" என்றாள்.

அவள் கால்நடை மருத்துவர். மலைமேல் ஐந்து குடியிருப்புகள் அவள் பொறுப்பு. சொந்த வண்டி இருந்தால்தான் அந்த வேலை. அத்தானுக்கு மலை பிடிக்காது. டவுனுக்கு மாற்றல் கேள் என்று ஒரு வருடமாக அரிக்கிறார். இனி அவர் வாய் அடைபடும்.

ஜூன் 11, புதன்.

கூடப் படித்தவனுக்கு அனுப்பிப் பீற்றிக்கொள்ளலாம் என்று படங்களைப் புரட்டினேன். மேசைமேல் கிடக்கிறது பின் டிஃபரன்ஷியல். பெரிதாக்கினேன். பெரிய பல்சக்கரத்தின் விளிம்பில் பொறித்திருக்கிறது: 43 – 10. பெரியதில் 43 பல், அதைச் சுழற்றும் சின்னதில் 10.

முன்னதில் 41 – 10. அதை நானே கைவிட்டு எண்ணினேன். பின்னதை எண்ணவில்லை. "ரெண்டும் ஒரே வண்டியில கழட்டினது தம்பி" என்றார் கடைக்காரர். எனக்கும் அவசரம்.

எழுதிப் பார்க்கிறேன், தலை சுற்றுவது நிற்கட்டும். சாதா ரோட்டில் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும், ஒன்றும் தெரியாது. நாலு சக்கரமும் இழுக்க லிவரைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். 41-க்கு ஒரு வேகம், 43-க்கு ஒரு வேகம். சேற்றில் சக்கரம் வழுக்கி வித்தியாசத்தை விழுங்கிவிடும். பாறையில் வழுக்காது. முறுக்கு ஏறும், ஏறும் – எது நோஞ்சானோ அது உடையும்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். நாளை அவளுக்கு மேலே தடுப்பூசி முகாம். வண்டியை எடுக்காதே என்று சொல்லத்தான் போனேன். அத்தான் நாற்காலியில் இருந்தார். "என்ன இன்ஜினியர், எத்தனை நாள் தாங்கும்?"

வாயில் வந்தது இதுதான்: "அக்கா, ஒரு வாரத்துக்கு நாலு சக்கர லிவரத் தொடாதே. புதுசா மாட்டினது, கொஞ்சம் ஓடிப் பழகணும்."

பொய். ஞாயிற்றுக்கிழமை திறந்து மாற்றிவிடலாம். வெயில்தானே அடிக்கிறது, சேறு எங்கே?

ஜூன் 12, வியாழன்.

காலை 9.00 – மேகம்.

11.10 – மழை. போன் போகவில்லை. மேலே எப்போதுமே சிக்னல் கிடையாது. தெரிந்தும் அடிக்கிறேன். ஏழாவது தடவை.

2.00 – தொட மாட்டாள். சொன்னால் கேட்பவள்தான். கேட்பவளா?

5.30 – வண்டியைக் கீழே இழுத்து வந்த டிராக்டர்காரர் போனிலிருந்து பேசினாள். "எனக்கு ஒண்ணுமில்லடா. வண்டிதான்."

ஜூன் 13, வெள்ளி.

சேற்று ஏற்றத்தில் வேறு வழியில்லாமல் லிவரைப் போட்டிருக்கிறாள். ஏறிவிட்டது. பாறைத்தடம் வந்ததும் எடுக்கப் பார்த்தாள், இறுகிப்போய் வரவில்லை. இறக்கத்து வளைவில் ஸ்டீயரிங் திரும்ப மறுத்திருக்கிறது. அப்புறம் அடியில் ஒரு வெடிச்சத்தம் – முன் ஷாஃப்ட் ஜாயின்ட் போயிற்று. மண்மேட்டில் முட்டி நின்றிருக்கிறது. மறுபக்கம் பள்ளம். அதை அவள் சொல்லவில்லை, டிராக்டர்காரர் சொன்னார். இடது மணிக்கட்டில் கட்டு.

"நீ படிச்சுப் படிச்சுச் சொன்னே. நான்தான் கேக்கல. உன் ஆறு நாள் உழைப்ப நாசம் பண்ணிட்டேன்."

மன்னிப்புக் கேட்கிறாள். என்னிடம்.

அத்தான்: "தம்பி சொன்னதக் கேக்காதவளுக்கு எதுக்கு மலை? திங்கக்கிழமை எழுதிக் குடுத்துடு."

எதற்கும் திருப்பிக் கொடுக்கிறவள், தலையை ஆட்டினாள்.

ஜூன் 14, சனி.

சொல்லத்தான் போனேன். ஒற்றைக் கையால் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு.

மாற்றல் கடிதம் தயார், கையெழுத்துதான் பாக்கி. "பிழை இருக்கா பாரு" என்று நீட்டினாள். "மலைப்பாதையில் வாகனத்தைக் கையாளும் திறமை எனக்குப் போதவில்லை" – இப்படி ஒரு வரி.

"தப்பா இருக்கு" என்றேன்.

"எந்த வார்த்தை?"

"அந்த வரியே தப்பு."

படத்தைக் காட்டினேன். 41, 43, புதன்கிழமையே தெரியும், பழகணும் என்றது பொய் – அத்தானை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வாயைத் திறந்தார். அக்கா கையைக் காட்டினாள், மூடிக்கொண்டார்.

"புதன்கிழமை நான் உன் எதிர்ல தானேடா நின்னேன்?"

"ஆமா."

"அந்த வளைவு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"இப்பப் போயிடு. நாளைக்கு வா."

ஜூன் 16, திங்கள்.

காலையில் போனேன். கடிதத்தைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் மேலே ஊசி போடாமல் மிச்சமிருக்கும் மாடுகளைக் குடியிருப்பு வாரியாக எழுதிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதை மாட்டுக் கணக்குக்கு நடுவிலேயே சொன்னாள். செய்ய வேண்டியவை:

1. லீவை இன்னும் ஒரு வாரம் நீட்டுவது.

2. உடைந்தது ஓட்டியதால் அல்ல, மாட்டியதால் என்று அக்காவின் அதிகாரிக்கு எழுதிக் கொடுப்பது. அடியில் என் கையெழுத்து.

3. 43-ஐக் கழற்றிவிட்டு 41 தேடுவது. யார் என்ன சொன்னாலும் எண்ணாமல் வாங்குவதில்லை.

4. டிஃபரன்ஷியலை மூடும் முன் அக்காவைக் கூப்பிடுவது. அவளும் தனியாக எண்ணுவாளாம்.

5. மலைக்கு முதல் ஓட்டம். அவள் ஓட்டுவாள், பக்கத்து சீட்டில் நான். "நீ மாட்டினதுல நீயும் உக்காரு" என்றாள்.