தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து

அறந்தாங்கி
12-8-1956

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சம்சு சலாம் சொல்லி எழுதுவது. அத்தாவும் அம்மாவும் நலம். திருச்சியில் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

லீவில் நீங்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு என்னை உட்காரவிடவில்லை. ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும், அதைவிடச் சிறிய எண்களையெல்லாம் கூட்டினால், 6-க்கு அதே 6 வருகிறது. அது நிறை எண். 12-க்கு 16, மிகை எண். 15-க்கு 9தான், குறை எண். ஒற்றைப்படையில் மிகை எண் உண்டா என்று கேட்டேன்; தெரியாது என்றீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து 825 வரை வந்துவிட்டேன். எல்லாம் குறைதான். கீரமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தட்டை நீட்டும்போதும் மனசுக்குள் வகுத்துக்கொண்டிருந்தேன். "எட்டாவதோட நின்ன பிள்ளைக்கு என்னத்துக்கு இந்தக் கிறுக்கு?" என்கிறார் அம்மா.

கணக்குப் போட்ட நோட்டை அனுப்பியிருக்கிறேன்.

தங்கள் சம்சு

திருச்சி
22-8-1956

பிரியமுள்ள சம்சுவுக்கு,

நோட்டு வந்தது. இவ்வளவு போதும், நிறுத்து. செப்டம்பர் எட்டாம் தேதி கல்லூரிக் கணித மன்றத்தில் பேசுகிறேன். 'ஒற்றைப்படை எண்கள் எல்லாம் குறை எண்களே' என்று தலைப்புக் கொடுத்தாயிற்று. என் பெயரில்தான் கொடுத்தேன். வீட்டிலிருக்கும் பெண் போட்ட கணக்கு என்றால் இங்கே சிரிப்பார்கள். நீ வருத்தப்பட மாட்டாய் என்று தெரியும்.

அண்ணன் சேக் அலாவுதீன்

அறந்தாங்கி
4-9-1956

அண்ணனுக்கு,

அவசரம். 945 மிகை எண். 1, 3, 5, 7, 9, 15, 21, 27, 35, 45, 63, 105, 135, 189, 315. கூட்டினால் 975. ஐந்து தடவை கூட்டிப் பார்த்தேன். அடுப்பில் சோறு குழைந்துபோனது. உங்கள் தலைப்பு தப்பு. அப்படிப் பேசிவிடாதீர்கள்.

இதைத் தபால்காரர் தங்கமுத்து கையிலேயே கொடுக்கிறேன். எட்டாம் தேதிக்குள் சேருமா என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

பேசும்போது என் பெயரை ஒரு தடவை சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

சம்சு

திருச்சி
9-9-1956

பிரியமுள்ள சம்சுவுக்கு,

உன் கடிதம் ஏழாம் தேதியே சேர்ந்தது. தலைப்பை மாற்றிப் பேசினேன். பலகையில் 945-ஐ எழுதியதும் பேராசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். புத்தகங்களில் இருப்பதுதானாம், ஆனால் இங்கே எந்த மாணவனும் தானாகத் தேடி அதை எட்டியதில்லையாம். "நீயாவே கண்டுபிடிச்சியாப்பா?" என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஆமாங்க சார்" என்று வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அதன்பிறகு எப்படி மாற்றிச் சொல்வது?

பரிசாக ஒரு கணிதப் புத்தகம் தந்தார். அதை உனக்கே அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அண்ணன்

அறந்தாங்கி
14-9-1956

அண்ணனுக்கு,

புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் உங்கள் பெயர் எழுதியிருக்கிறது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

நேற்று உங்கள் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. 945-க்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை மட்டும் எழுதி, கீழே என் முழுப்பெயரைப் போட்டேன். திங்கட்கிழமை அவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கக்கூடும். அதற்கு முன்னே நீங்களாகப் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. நீங்கள் வந்தால் எப்போதும்போல் சோறு போடுவேன்.

945-க்கு அடுத்த ஒற்றைப்படை மிகை எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன். 1,100 தாண்டியாயிற்று. கிடைத்தால் உங்களுக்கு எழுதமாட்டேன்.

சம்சுன் நிஹார்