சோறு கொடுத்த கலியாணம்

12.3.1997, புதன்
கொட்டாஞ்சேனை

என் கப்டன், நீங்கள் போய் இன்றைக்கு ஐம்பத்தைந்தாம் நாள்.

ஆமியில் கோப்ரலாக இருந்து, லொறி திருத்திப் பென்சனுக்கு வந்த மனிசனைக் கப்டன் என்று கூப்பிட்டவள் நான் ஒருத்திதான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அதையும் கதவைச் சாத்திவிட்டுத்தான் கூப்பிட்டேன். இனி யார் கேட்டால் என்ன.

விடியக் கடைக்கு இடியப்பம் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், உங்களுக்கென்று ஐந்து எடுத்து மூடி வைத்திருக்கிறேன். கை தன்பாட்டில் வைத்திருக்கிறது. நானே தின்றேன்.

உங்கள் பென்சனை நிற்பாட்டிவிட்டார்கள். விதவைப் பென்சனுக்கு நாளைக்கு மனு கொடுக்கப் போகிறேன். வீட்டுக்கார றஸ்மியாவும் வருகிறா. சிங்களம் அவவுக்குத் தண்ணி பட்ட பாடு. அந்தப் பென்சன் வந்தால்தான் இந்த அறையில் இருக்கலாம். பிள்ளை குட்டி இல்லாதவள் வேறு எங்கே போக?

13.3.97, வியாழன்

பென்சன் கந்தோரில் மனு வாங்குகிற அதிகாரி மாத்தயா நல்ல மனிசன் போலத்தான் இருந்தார். கதிரை தந்தார். எங்கள் விவாகப் பத்திரத்தை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப வாசித்தார்.

"மேக்க ஹரி நே, அம்மே" என்றார். இது சரியில்லையாம். அவ்வளவு சிங்களம் எனக்கும் விளங்கும். மிச்சத்தை றஸ்மியா சொன்னா. நீங்கள் ஆமியை விட்டது எழுபத்தொன்பதில். நாங்கள் கலியாணத்தைப் பதிந்து எழுத்து எழுதினது எண்பத்து நாலில். சேவையை விட்ட பிறகு கட்டினவளுக்குப் பென்சன் இல்லையாம்.

"பிறகு கட்டினவளோ? அறுபத்தெட்டில இருந்து நான்தான் இந்த மனிசனுக்குப் பெண்சாதி!" கந்தோர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவர் விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். உங்கள் பெயருக்கு நேரே 'விவாகமாகாதவர்'. என் பெயருக்கு நேரேயும் அதுதான்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கலவரத்துக்குப் பிறகு, எதற்கும் கையில் ஒரு கடதாசி இருக்கட்டும் என்று சொல்லித்தானே எழுதப் போனோம். பதிவுகாரர் கேட்டார், "முந்திக் கலியாணம் முடிச்சதோ?" வேறு ஆரையும் முடித்ததோ என்று கேட்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். "சீச்சீ, இல்லை ஐயா" என்றீர்கள், அருவருத்த மாதிரி. நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது என் காதுக்குள், "மாப்பிளைக்கு ரெண்டு பல்லில்லை, பரவாயில்லையோ?" என்று கேட்டீர்கள்.

அந்த 'இல்லை'தான் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது.

14.3.97

அழுதேன். வேறொன்றும் செய்யவில்லை.

20.3.97, வியாழன்

திரும்பப் போனோம். அறுபத்தெட்டில் நடந்ததை விபரமாகச் சொல்லச் சொன்னார்.

சொன்னேன். கோண்டாவிலில் உங்கள் அக்கா வீட்டில் நான் வேலைக்கு நின்றதையும், நீங்கள் லீவில் வந்து என்னைத்தான் முடிப்பேன் என்று நின்றதையும். கோயிலும் இல்லை, தாலியும் இல்லை. ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை, அக்கா சோறு காய்ச்சினா. நான் உங்களுக்கு இலையில் பரிமாறினேன். நீங்கள் சாப்பிட்டு எழும்ப, அதே இலையில் இருந்து நான் சாப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் அதுக்குப் பெயர் சோறு கொடுக்கிறது. அதுவும் கலியாணம்தான்.

றஸ்மியா சிங்களத்தில் எடுத்துச் சொல்ல, மாத்தயா பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். "சோறு திண்டால் கலியாணமோ? அப்படியென்றால் நான் ஹோட்டலில் எத்தனை பேரைக் கட்டியிருப்பேன்!"

றஸ்மியா சிங்களத்தில் என்னவோ சுடச்சுடச் சொன்னா. அந்த மனிசன் சிரிப்பை நிற்பாட்டிவிட்டார். வெளியே வந்துதான் கேட்டேன்.

"அந்த ஹோட்டல்காரி ஒங்கட எச்சில் எலையில சாப்பிட்டாளா மாத்தயான்னு கேட்டேன். வேற என்ன செல்ல?"

நீங்கள் போன பிறகு நான் ஒரு நாளும் சிரித்ததில்லை. இன்றைக்கு ரோட்டில் நின்று சிரித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது.

அன்றைக்குச் சோறு காய்ச்சின அக்கா உயிரோடு இருந்தால் அவவிடம் ஒரு சத்தியக் கடதாசி எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். உங்கள் அக்கா சிவமணி மச்சாள் யாழ்ப்பாணத்தில். சண்டையில் ரோட்டு மூடிக் கிடக்கிறது, கடிதம் கப்பலில் போய்க் கப்பலில் வரவேண்டும். உயிரோடுதான் இருக்கிறாவோ தெரியாது.

2.4.97

விடிய ஒழுங்கை முழுக்க வளைத்து ஆமிச் செக்கிங். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "கொழும்பில் என்ன வேலை?" என்றான் ஒருத்தன். உங்கள் ஆமிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தான். இரண்டு கையாலும் திருப்பித் தந்தான். "இந்த மாத்தயாவின் நோனாவா?" உங்கள் பெண்சாதியோ என்று கேட்கிறான். "போங்கள் அம்மா."

துவக்கோடு நிற்கிறவன் ஒரே பார்வையில் நம்புகிறான். மேசையில் இருக்கிறவருக்குச் சாட்சி வேண்டும்.

14.4.97

வருடப் பிறப்பு. அடுப்பு மூட்டவில்லை. றஸ்மியா ஒரு கோப்பை வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனா.

6.5.97, செவ்வாய்

மச்சாள் இருக்கிறா! கடிதம் வந்துவிட்டது. சமாதான நீதவானின் முத்திரை குத்தின சத்தியக் கடதாசியும் உள்ளே இருக்கிறது. தென்மராட்சிக்கு ஓடி, திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டில் தறப்பாள் கட்டி இருக்கிறாவாம். தம்பி செத்தது என் கடிதத்தில்தான் தெரியுமாம். அந்த இடத்தில் மை கலங்கிக் கிடக்கிறது.

கீழே எழுதியிருக்கிறா: "அண்டைக்கு என்ன கறி எண்டும் எழுதட்டோ எண்டு நீதவானைக் கேட்டன். வேண்டாம் எண்டிட்டார். கத்தரிக்காயும் முருங்கைக்காயும். எனக்கு மறக்கேல்லை. றஞ்சிதம், நீ அந்த இலைக்கு முன்னால வேலைக்காரியா இருந்தனி, எழும்பேக்கை என்ர தம்பி பெண்சாதியா எழும்பினனி. ஆர் கேட்டாலும் இதைச் சொல்லு."

கடிதத்தை மடித்து உங்கள் ஆமிப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

19.5.97, திங்கள்

எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாத்தயா மச்சாளின் கடதாசியை மொழிபெயர்ப்பித்து வாசித்தார். இந்த முறை சிரிக்கவில்லை. உள்ளே போய் உங்கள் பைலை எடுத்து வந்தார். பழுப்பு நிறம். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. ஒரு தாளை விரித்து என் பக்கம் திருப்பினார்.

ஆமியை விடும்போது நீங்கள் நிரப்பிய பத்திரம். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? விவாகமானவரா என்று கேட்ட கட்டத்தில் இங்கிலீசில் இரண்டே எழுத்து. நோ.

ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கும் அந்த இரண்டு எழுத்து வாசிக்கத் தெரியும்.

எழுபதில் நிரப்பிய இன்னொரு தாளையும் காட்டினார். அதிலும் அதுதான். நெருங்கிய உறவு என்ற இடத்தில் அக்காவின் பெயர்.

எழுபத்திரண்டில் இருந்து நான் இங்கே கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். சனிக்கிழமை சனிக்கிழமை முகாமில் இருந்து வருவீங்கள். உங்கட காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டது ஆர்? எழுபத்தொன்பதிலயும் நோ?

20.5.97

பதிவுகாரர் கேட்டது விளங்காமல் சொன்னது சரி. இது விளங்கித்தானே எழுதினது.

21.5.97

"மேலதிகாரிக்கிட்ட பெர்மிஷன் எடுக்காம கட்டினார்தானே, அதுக்குப் பயந்திருப்பார்" என்கிறா றஸ்மியா. "ஒரு தரம் பொய் எழுதினா அத மாத்தேலா. ஆம்புளைங்க அப்படித்தான் றஞ்சி, ஒரு பொய்ய மறைக்க அதே பொய்ய திரும்பச் செல்லுவாங்க."

இருக்கலாம். இல்லாவிட்டால் அக்கா வீட்டில் மிளகாய் இடித்தவள் என்று சொல்ல வெட்கமா?

இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஆளைச் சாம்பலாக்கிக் கடலில் கரைத்துவிட்டேன்.

28.5.97, புதன்

மாத்தயா ஒரு வழி சொன்னார். மச்சாளின் சாட்சி பலமானது. ஆனால் பைலில் நீங்கள் எழுதியது அதற்கு எதிராக நிற்கிறது. நான் ஒரு சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டுமாம். அதில் இப்படி எழுத வேண்டுமாம்: 'எனது கணவர் எமது திருமணத்தை வேண்டுமென்றே மறைத்துப் படையினருக்குப் பொய்யான தகவல் கொடுத்தார்.'

"பயத்தில் மறைத்தார் என்று எழுதலாமோ?" என்று கேட்டேன். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

"கைய வெச்சிட்டு வாங்க. மவுத்தானவருக்குக் கோவம் வராது" என்றா றஸ்மியா.

எனக்கு வருகிறதே. உங்கள் மேலும், என் மேலும்.

3.6.97

கையெழுத்து வைத்தேன். வீட்டுக்கு வந்து, செத்த வீட்டால் வந்த மாதிரித் தலையில் தண்ணி வார்த்தேன்.

மச்சாளுக்கு இதை எழுதமாட்டேன். தான் காய்ச்சின சோற்றைத் தம்பி கலியாணச் சோறு என்று கணக்கெடுக்கவில்லை என்று அந்த மனிசிக்கு ஏன் தெரியவேண்டும்?

18.7.97

ஒரு பதிலும் இல்லை. மழை. இடியப்ப மா புளித்துப் போனது.

22.8.97, வெள்ளி

தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார். றஸ்மியாதான் உடைத்து வாசித்தா. பென்சன் தருகிறார்களாம். வாசித்துக்கொண்டு போனவ ஒரு இடத்தில் நிறுத்தி, "றஞ்சி, இதக் கேளுங்க" என்று மெதுவாகச் சொன்னா. 1968 ஆவணி முதல் மரணம் வரை அன்னாரின் சட்டப்படியான மனைவி என்று போட்டிருக்கிறதாம்.

இவ்வளவு காலத்தில் அப்படிச் சொன்ன முதல் கடதாசி. அறை மிஞ்சியது. றஸ்மியா என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. நான் அழவில்லை. கடைக்காரர் நாளைக்கு இருபது கூடக் கேட்டிருக்கிறார், மா வறுக்க வேண்டும்.

நீங்கள் பொய்க்காரன் என்று சத்தியம் பண்ணித்தான் நான் உங்களுக்குப் பெண்சாதி ஆனேன். அதைப் பொறுத்துக்கொள்ளுவேன், ஏன் மறைத்தீர்கள் என்றும் இனிக் கேட்கமாட்டேன். ஒன்றை மட்டும் சொல்லுங்கோ. அந்தக் கட்டத்தில நோ எண்டு எழுதேக்கை, பேனையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஒரு நிமிஷமாவது யோசிச்சனீங்களோ?