பூட்டுக்காரன் கதவில் ஒட்டிய தாள்

மார்ச் 2

செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது,

எழுத்தெல்லாம் கோழி கிளறியதுபோல் இருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு வரி முடிவதற்குள் ஒரு டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் இந்த வயதில் கற்றுக்கொண்டு நானே எழுதுகிறேன், பார்த்தாயா!

கடைத்தெருவில் பழக்காரம்மாவை யாரோ கத்தியால் குத்தியது உனக்குத் தெரியும். மறுநாள் போனில் நம் தெருக் குழுவில் ஒருவனின் படம் வந்தது. சட்டையெல்லாம் ரத்தம், கையில் திருப்புளி. கீழே, “இவன்தான். கண்டால் விடாதீர்கள். நம் பாதுகாப்பு நம் கையில்.” யார் துணையும் இல்லாமல் நான் கூட்டிப் படித்த முதல் நீளமான எழுத்து அதுதான். படித்து முடித்ததும் சந்தோஷம்கூட வந்தது, பாவி மனம். பிறகு அனுப்பியது யார் என்று படித்தேன். உன் பெயர்.

படத்தில் இருப்பவன் என் இஸ்திரி வண்டிக்கு எதிரே கடை வைத்திருக்கும் பூட்டுக்காரன். கையில் இருந்ததைக் கீழே போடக்கூட நிற்காமல், அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன். நான் கண்ணால் பார்த்தேன். போலீஸ் ஸ்டேஷனிலும் குத்தியது அவன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியும் நேற்று அவன் கடையை உடைத்தார்கள்.

படத்தின் கீழே நூற்று நாற்பது பேர் எழுதியிருக்கிறார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். பழக்காரம்மா பிழைத்தாளா என்று ஒருவர் கேட்கவில்லை.

தப்பு என்று அதே குழுவில் எழுது.

அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களே படிக்கப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். எனக்கு வந்ததைத்தான் அனுப்பினேன். நீங்கள் அந்தத் தெருவில் நிற்கிறீர்களே என்ற பயம். இப்போது அழித்துவிட்டேன். தப்பு என்று எழுதினால் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். ஆபீஸ் வரை போகும். குத்தியவன் இன்னும் அகப்படவில்லை. பார்த்தேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்

மார்ச் 16

செல்ல மகளுக்கு,

பழக்காரம்மா கண் விழித்துவிட்டாள். நீயும் கேட்கவில்லை.

உன் போனில் அழிந்தது உன் போனில் மட்டும்தான். நேற்றும் ஒருவர் அதே படத்தைக் காட்டி என்னை எச்சரித்தார். கோபத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்தபடி நின்று, அவர் சட்டையைத் தீய்த்துவிட்டேன்.

பூட்டுக்காரன் வெளியே வருவதில்லை. போய்ப் பார்த்தேன்.

“விடுங்கண்ணே. போன்ல வந்ததைத்தான் நம்புவாங்க.”

“அப்ப தாள்லயும் வரட்டும்டா.”

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். “இவர் குத்தவில்லை. காப்பாற்றினார். நான் பார்த்தேன்.” கீழே என் முழுப் பெயரும் வீட்டு எண்ணும். அவன் கதவில் ஒட்டிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது.

என் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். அது உனக்கு. பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுவேன், அந்த இடம் எப்படி இருக்கிறது என்று.

அப்பா