எல்லைச் சாவடியில் கமலினி

மறுவாழ்வு இல்லம்,
செங்கல்பட்டு.
4-8-2025

என் உயிரான லில்லிக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். நீயும் ஜோதிகாவும் நலமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறேன். சிரிக்காதே, நிஜமாகத்தான். இங்கே போனை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். அதனால் உனக்குக் கடிதம் எழுதுகிற பாக்கியம் கிடைத்திருக்கிறது. சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்பதைத் தவிர வேறு குறை இல்லை. கை நடுக்கம் நின்றுவிட்டது, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். குடி என்ற நினைப்பே இல்லை லில்லி. வந்த வேலை முடிந்துவிட்டது.

ரசிகர் மன்றத்து வசந்த் வந்திருந்தான். அவன் வேன் ஓட்டும் ரூட் இந்தப் பக்கம்தான். இனி அடிக்கடி எட்டிப் பார்ப்பானாம், கடிதங்களும் அவன் கையிலேயே வந்து போகும். அவன் சொன்ன செய்தி கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உளவாளி செழியன் படங்களில் ஒன்றான ‘எல்லைச் சாவடி’க்குப் புதுப் பிரிண்ட் போட்டிருக்கிறார்களாம். பதினேழாம் தேதி ஞாயிறு காலை நம் ஊரில் ரசிகர்களுக்கு மட்டும் தனிக் காட்சி. படம் முடிந்ததும் மேடை. மன்றத்தின் சார்பில் நான்தான் பேச வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்களாம்.

நீ படம் பார்க்கிறவள் இல்லை, அதனால் சொல்கிறேன். செழியனுக்கு இதுவரை பதினோரு படம். காஞ்சிபுரம் மன்றத்தில் நாங்கள் பத்து என்றுதான் எண்ணுவோம், ‘எல்லைச் சாவடி’யைச் சேர்க்க மாட்டோம். அது 1992இல் வந்தபோது நான் ஏழாம் வகுப்பு, இரண்டாம் நாள் போனேன். எதிரி நாட்டில் சிக்கிய செழியன் தப்பித்து, குண்டு பட்ட காலோடு எல்லைக்கு வருகிறான். சாவடியின் அதிகாரி அவன் மனைவி கமலினி. கதவைத் திற என்று கெஞ்சுகிறான். அவள் திறக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடியே சரிந்து விழுகிறான், அத்தோடு படம் முடிந்துவிட்டது. நாற்காலிகளை உடைத்தார்கள். அந்தப் படத்தை இனி வீட்டில்கூட யாரும் போடக் கூடாது என்று மன்றத்தில் தீர்மானம் போட்டோம். இன்றுவரை நான் மீறவில்லை.

இப்போது இன்டர்நெட்டில் பொடியன்கள் எல்லாம் பதினொன்றிலும் இதுதான் பெரிய படம் என்கிறார்களாம். கமலினி செய்தது சரியாம். புருஷன் செத்துக்கொண்டிருக்கிறான், இவள் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், அது சரியாம். இதைக் கேட்டுக்கொண்டு நான் இங்கே கஞ்சி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா, நீயே சொல்.

மூன்று மாதம் முடியும் முன்னால் போக வேண்டுமானால் வீட்டார் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டும் என்கிறார் வார்டன் சுகாசினி மேடம். நீ வா, தங்கமே. ஒரே ஒரு கையெழுத்து. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன்,
யேசுதாஸ்

●

பெரிய காஞ்சிபுரம்
7-8-2025

ஜோதிகா அப்பாவுக்கு லில்லி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. சாம்பார் தண்ணீராக இருந்தாலும் வேளைக்கு விழுகிறதே, அது போதும். எங்கள் கடையில் ஆடித் தள்ளுபடி முடிகிற நேரம். காலையில் பாயில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை. நேற்று ஒரு அம்மா பாதிக் கடையைப் பிரிக்க வைத்துவிட்டு, “நல்லாதான் இருக்குது, வேற கடையும் பாத்துக்கினு வரேன்மா” என்று போய்விட்டார். எல்லாப் பட்டுப் புடவையையும் மடிப்பு மாறாமல் திரும்ப மடித்தேன். தோள் கழன்று போயிற்று. யாரிடம் சொல்வது என்று பார்த்தால் வீட்டில் நீங்கள் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

போன வருஷமும் ஒரே ஒரு கையெழுத்து என்றுதான் எழுதினீர்கள். வந்து போட்டேன். வீடு வந்த மூன்றாம் நாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வருகிறேன் என்று பைக்கை எடுத்தீர்கள். வழியில் எங்கே நின்றீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஓரிக்கை ரோட்டில் லாரிக்காரர் வண்டியை ஒடித்து நிறுத்தியதால் ஒரு கையோடு போயிற்று. ஜோதிகா கையில் தகடு இன்னும் இருக்கிறது. அரைப் பக்கம் எழுதினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறாள். இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. அப்பா எப்போது வருகிறார் என்று கேட்பதே இல்லை. கேட்டாலாவது நான் ஏதாவது சொல்லலாம்.

உங்களை நோகடிக்க இதை எழுதவில்லை. இன்னொரு முறை குடித்தால் கல்லீரல் தாங்காது என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் அரை மயக்கத்தில் இருந்தீர்கள், நான் முழு நினைவோடு கேட்டேன். அந்த வார்த்தை எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்கிறது. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். முடியாது என்று நான் இன்னும் எழுதவில்லை. யோசிக்கிறேன் என்று எழுதுகிறேன்.

வசந்த் வீட்டுக்கு வந்தார். நீங்கள் வர முடியாமல் போனால் பேச்சை எழுதி அனுப்பச் சொல்கிறார், அதை நான் மேடையில் படித்துவிடலாமாம். “நீங்க படிச்சா சபை அப்படியே கேக்கும்கா” என்கிறார். செழியனுக்கும் எனக்கும் என்ன உறவு. ஆனாலும் உங்களுக்காகப் போகிறேன். எழுதி அனுப்புங்கள்.

லில்லி

●

மறுவாழ்வு இல்லம்
11-8-2025

என் கண்ணே லில்லி,

யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறேன். பேச்சை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் அதை நீ படிக்கும் நிலை வராது, ஏனென்றால் சனிக்கிழமையே நீ வந்துவிடுவாய்.

பைக்கை விற்றுவிடு. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சம்பளத்தை உன் கையிலேயே கொடுக்கச் சொல்கிறேன். ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வருகிறேன், கடைசி பெஞ்சில் அல்ல, உன் பக்கத்தில். நீ இல்லாவிட்டால் நான் யார்? உன் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன், வா. இதெல்லாம் ஜோதிகா தலைமேல் கை வைத்துச் சத்தியம்.

இங்கே பக்கத்துக் கட்டில்காரர் வெங்கடேசனை அவர் மனைவி வந்து அழைத்துப் போய்விட்டாள். அவள் ஒன்றும் படித்தவள் இல்லை, ஆனால் இரக்கம் உள்ளவள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ மறையும்வரை பார்த்தேன். சாயங்காலம் ஆனால் சுவர் எல்லாம் நெருங்கி வருகிறது லில்லி. மூச்சு முட்டுகிறது. இங்கேயே என்னை விட்டால் குடியால் சாக மாட்டேன், இந்தச் சுவரால் சாவேன். பிறகு அழாதே.

பேச்சின் கடைசி வரி மட்டும் இங்கே எழுதுகிறேன்: கதவைத் திறக்கத் தெரியாதவளுக்குச் சாவி எதற்கு?

உன்னை நம்பியிருக்கும்,
யேசுதாஸ்

●

பெரிய காஞ்சிபுரம்
18-8-2025

ஜோதிகா அப்பாவுக்கு,

சனிக்கிழமை நான் வரவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பீர்கள். காலையில் புறப்பட்டுப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். செங்கல்பட்டு பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறாமல் கடைக்குப் போய்விட்டேன். ஏன் என்று அன்றைக்கு எனக்கே சொல்லத் தெரியவில்லை.

நேற்று படத்துக்குப் போனேன். ஜோதிகாவும் வந்தாள். ரசிகர்கள் செழியன் கட்-அவுட்டுக்குச் சரிகைத் துண்டு சாத்தி, சாமிக்குக் காட்டுவது போலச் சூடம் காட்டினார்கள். உங்கள் பேச்சு என் பையில் இருந்தது.

படத்தில் இடைவேளைக்குப் பிறகு ஒரு இடம் வந்தது. என் பக்கத்தில் இருந்த உங்கள் மன்றத்துப் பெரியவர்கள், “இது இன்னாபா, நாம பாக்கவே இல்லையே” என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய ஆபரேட்டர் முனுசாமி பின் வரிசையில் இருந்தார். மேடையில் அவர்தான் விஷயத்தை உடைத்தார். முதல் நாள் காட்சியிலேயே விசில் அடித்தார்களாம். “அந்தம்மா ஒத்தையா உக்காந்துக்கினு யோசிக்குது, எங்களுக்குத் தூக்கம் வருது, தூக்கிடுண்ணேன்னு மன்றத்துப் பசங்களே மேல வந்து நின்னாங்க. நானும் கத்திரி போட்டேன்” என்றார். இரண்டாம் நாளிலிருந்து நம் ஊரில் ஓடியது வெட்டிய படம். நீங்கள் பார்த்தது அதைத்தான். அப்புறம் யாரும் பார்க்கக் கூடாது என்று தீர்மானம் வேறு. கமலினி ஏன் திறக்கவில்லை என்பதை மன்றத்துக்காரர்கள் நீங்களே வெட்டச் சொல்லிவிட்டு, ஏன் திறக்கவில்லை என்று இத்தனை வருஷம் அவளைத் திட்டியிருக்கிறீர்கள்.

வெட்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். செழியன் அதற்கு முன்பே ஒரு முறை அந்தச் சாவடிக்கு வந்திருக்கிறான். அவள் ஓடிப் போய்த் திறந்திருக்கிறாள். அன்றைக்கே காவலுக்கு நின்ற ஒரு பெண் செத்துப் போனாள். எதிரிகள் அவன் மனதுக்குள் எதையோ செய்து அனுப்பியிருந்தார்கள். தான் செய்தது அவனுக்கே தெரியாது. உடலைக் கட்டிக்கொண்டு அவன்தான் அதிகம் அழுதான். மறுபடி காணாமல் போனான். இப்போது இரண்டாம் முறை வருகிறான். வயர்லெஸ்ஸில் அவன் குரல் கேட்டதும் சாவியை எடுத்துக்கொண்டு கதவு வரை போகிறாள். திரும்பி வருகிறாள். முதல் முறை அவன் பேசியது டேப்பில் இருக்கிறது, அதைப் போட்டுக் கேட்கிறாள். அதே வார்த்தை, அதே கொஞ்சல், மூச்சு வாங்குகிற இடம்கூட அதேதான். பேசுவது அவன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்போதும் தன்மேல் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. சாவியை ஒரு சிப்பாயிடம் கொடுத்து, ஜீப்பில் ஏறித் தூரமாகப் போய்விடு, நானே கூப்பிட்டாலும் வராதே என்று அனுப்பிவிடுகிறாள். அவன் கதவருகே வந்து கெஞ்சும்போது அவளிடம் சாவியே இல்லை. இடுப்பில் ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதியது தப்பு.

நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். ஜோதிகா என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள், தகடு வைத்த கையால்.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். உங்கள் பேச்சைப் படிக்கவில்லை. “எங்க வீட்டுக்காரர் பேச்சு அனுப்பிச்சாரு. அவர் முழுப் படம் பாக்கல. பாத்தப்புறம் அவரே வந்து பேசுவாரு” என்று சொல்லி இறங்கிவிட்டேன். கை தட்டினார்கள். எதற்கென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, போன வருஷம் நீங்கள் எழுதிய கடிதத்தையும் பதினோராம் தேதிக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் கண்ணே, புடவைத் தலைப்பு, பிள்ளை தலைமேல் சத்தியம், பிறகு அழாதே. வரிசைகூட மாறவில்லை. நீங்கள் என்னைத் திருமணத்துக்கு முன்பும் பின்பும் ஒரு நாளும் கண்ணே என்று கூப்பிட்டதில்லை. லில்லி என்பீர்கள், கோபம் வந்தால் ‘இன்னாமே’ என்பீர்கள். அதுதான் என் புருஷன் குரல். கடிதம் எழுதுகிறவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை சுகாசினி மேடத்துக்குப் போன் செய்தேன். இன்னும் மூன்று மாதம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதோடு, நானே நேரில் வந்து அழுது கையெழுத்துப் போடுகிறேன் என்றாலும் பேனாவைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஏனென்றால் நான் வந்துவிடுவேன். உங்கள் அடுத்த கடிதத்தில் நான் உருகிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

அடுத்த படத்தில் செழியன் உயிரோடு வருகிறானாமே, வசந்த் சொன்னார். அவள் திறக்காததால்தானே. திறந்திருந்தால் இன்னொரு உயிர் போயிருக்கும், அவனையும் அங்கேயே சுட்டிருப்பார்கள். உங்கள் மன்றத்தில் அதை யாருமே யோசிக்கவில்லையா?

என்னை வெறுப்பீர்கள். வெறுத்துக்கொள்ளுங்கள். வெறுக்கவாவது உயிரோடு இருங்கள்.

லில்லி

●

மறுவாழ்வு இல்லம்
21-8-2025, காலை

லில்லி,

கடிதத்தை நேற்று படித்தேன். கிழித்தேன். பிறகு துண்டுகளைப் பொறுக்கிக் கட்டில்மேல் சேர்த்து வைத்துப் படித்தேன். சாப்பாட்டுத் தட்டை எறிந்ததற்கு மேடம் திட்டினார். திட்டட்டும்.

இப்போது காலை. காலையில் எனக்குக் கொஞ்சம் தலை தெளிவாக இருக்கும், பத்து மணி வரைக்கும். அதற்குள் எழுதிவிடுகிறேன். கண்ணே என்று எழுதியது எனக்கு நினைவில்லை. எழுதினேன் என்று தெரிகிறது, ஆனால் எழுதும்போது அது நிஜம் போலத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பொய் சொல்கிறேன் என்று தெரிந்தாலாவது நிறுத்தலாம்.

மேடத்திடம் நீ சொன்னது சரி. நானும் போய்ச் சொன்னேன், என் மனைவி வந்தால் பேனா கொடுக்காதீர்கள் என்று. அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இன்னாமே, ஒன்று கேள். சாயங்காலம் ஆறு மணி ஆனால் நான் வேறு ஆள். இன்றைக்கும் ஆவேன். எழுதுவேன். வசந்த் நாளை வந்து எதைக் கொடுத்தாலும் கையெழுத்தைப் பார்த்து நான் என்று நம்பாதே. பிரிக்காதே. பிரித்தால் பதில் போடாதே. ஜோதிகா கண்ணில் படாமல் அடுப்பில் போடு. இந்தக் கடிதத்தை இப்போதே மேடத்திடம் கொடுத்துவிடுகிறேன், சாயங்காலம் கேட்டாலும் அவர் திருப்பித் தர மாட்டார்.

படம் மட்டும் ஒரு நாள் முழுசாகப் பார்க்க வேண்டும்.

யேசுதாஸ்

●

மறுவாழ்வு இல்லம்
21-8-2025, மாலை

என் உயிரான லில்லிக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். காலையில் ஒரு கடிதம் எழுதினேன், அதைப் படிக்காதே, என் தங்கமே. அது கோபத்தில் எழுதியது. உன் கடிதம் பார்த்த வருத்தத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன். திருப்பிக் கேட்டேன், மேடம் தரவில்லை. இவர்கள் எல்லாம் சேர்ந்து உன்னையும் என்னையும் பிரிக்கிறார்கள்.

இப்போதுதான் எனக்குத் தெளிவாக இருக்கிறது. நான் குணமாகிவிட்டேன், கண்ணே. கமலினி கதையை விடு, அது சினிமா. நீ அப்படிப்பட்டவள் இல்லை, உனக்கு இளகிய மனசு, அது எனக்குத் தெரியாதா? மேடம் பேனா தராவிட்டால் உன் பையில் ஒன்று கொண்டு வா. உன் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஜோதிகா தலைமேல் சத்தியம்.

கேட் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கும் இங்கேயே உட்கார்ந்திருப்பேன். நீ வராவிட்டால் நான் செத்துப் போவேன், லில்லி. பிறகு அழாதே.

என்றும் உன்,
யேசுதாஸ்