ஈஜெபு சந்தைக்குப் போகாதே

ஃபிரீடவுன்
1846 மார்ச் 9

அன்பு மகன் யோசியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையுமில்லை, நீயும் சுகமாக இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு இருமல் விட்டது, கூரைமேல் ஏறாதீர்கள் என்றால் மட்டும் கேட்பதில்லை. வழக்கமாக என் கடிதத்தை வாத்தியார் எழுதுவார், நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் மூன்று வேதவசனம் சேர்ப்பார். இதை நானே எழுதுகிறேன். இன்னொருவர் காதில் விழக்கூடாத விஷயம், அப்பாவுக்கே தெரியாது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் நேற்று வந்தது. அபேயோகுட்டாவில் என் அண்ணன் அக்கான்பியைக் கண்டுபிடித்து அவர் வீட்டிலேயே தங்கியிருக்கிறேன் என்று எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். உன்னைக் கண்டதும் அவர் மண்ணில் குப்புற விழுந்து அழுதாராம், பக்கத்து வீட்டார் சிரித்தார்களாம். நம் ஜனத்தில் மருமகன்தான் மாமன் முன்னால் விழுவான், மாமன் விழுந்து நான் பார்த்ததே இல்லை. நீ அதைப் பாசம் என்கிறாய், எனக்கு அது சரியாகப் படவில்லை. அதற்கடுத்த வரியில், நீ விற்கக் கொண்டுபோன துணியைப் பற்றி அவர் சொன்னதை எழுதியிருந்தாய். "உன் துணிக்கு இங்க யாரு மாப்ளே விலை குடுப்பா, ஈஜெபு சந்தையில இரட்டிப்பா போகும், ரெண்டு நாள் நடைதான், நாம ரெண்டு பேர் மட்டும் போயிட்டு வந்துடலாம்." அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

யோசியா, சண்டையில் பிடிபட்டேன் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேனே, அது பொய். என்னை விற்றவன் என் அண்ணன். எனக்குப் பன்னிரண்டு வயது. "அண்ணனுக்கு ஒத்தாசையா கூடையைத் தூக்கிட்டு வா பாப்பா, காராமணி வடை வாங்கித் தரேன்" என்று கூட்டிப்போனான். அதே ஈஜெபு சந்தை, அதே இரண்டு நாள் நடை. கால் வலித்தபோது தோளில் தூக்கிக்கொண்டான், அதுவும் உண்மை. சொன்னபடியே வடை வாங்கிக் கொடுத்து, "இங்கயே உட்காரு, இதோ வந்துடறேன்" என்று போனான். நான் இரண்டு தின்றுவிட்டு ஒன்றை அவனுக்கென்று வைத்திருந்தேன். வேறு ஆட்கள் வந்து என் கழுத்தில் கயிறு போட்டபோதும் அந்த வடை என் கையில் இருந்தது. பிறகு லாகோஸ் துறைமுகம், அடிமைக் கப்பல். இங்கிலீஷ்காரர் நடுக்கடலில் மறித்து எங்களை இங்கே கொண்டுவந்து விட்டிராவிட்டால் பிரேசிலில் கரும்பு வெட்டிச் செத்திருப்பேன். கூடப்பிறந்தவன் விற்றான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பித்தான் நீ அவனைத் தேடிப் போனாய்.

லாகோஸில் இன்னும் அந்தக் கப்பல்கள் நிற்கின்றன. நீ சட்டை போட்டவன், படித்தவன் என்று அவர்கள் பார்க்க மாட்டார்கள். அண்ணனை முகத்துக்கு நேரே மறுக்காதே, பெரியவர் கூப்பிட்டு வராதவன் என்று ஊர் உன்னைத்தான் ஏசும். காய்ச்சல் என்று படு. மருந்துக்குப் போவதுபோல், ஃபிரீடவுனிலிருந்து அங்கே திரும்பிக் குடியேறிய நம் சபையார் வீட்டுக்குப் போய் அங்கேயே இருந்துவிடு. துணி போனால் போகட்டும். வியாபாரிகள் பெரிய கூட்டமாகப் படகிரித் துறைமுகத்துக்குப் புறப்படும்போது அவர்கள் நடுவில் நடந்து வந்து கப்பலேறு. இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒரு மாதமாகும், அதற்குள் எத்தனை சந்தை கூடியிருக்குமோ. அடுத்த கப்பலிலும் இதையே எழுதி அனுப்புவேன், அதற்கடுத்ததிலும்.

அவன் திருந்தித்தான் மண்ணில் விழுந்தானோ என்னவோ. இருக்கலாம். என் பிள்ளையை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கர்த்தர் உன் முன்னும் பின்னும் நடக்கட்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. புறப்படுமுன் அவனிடம் ஒன்று மட்டும் கேள், அன்றைக்கு நான் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பிப் போனானே, எங்கள் அம்மாவிடம் என்ன சொன்னான் என்று. இருபத்தைந்து வருஷமாக அதைத்தான் தெரிந்துகொள்ள ஏங்குகிறேன்.

வேண்டாம், கேட்காதே. கேட்டால் உனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். ஒன்றும் கேட்காமல் வந்துவிடு.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
ஹன்னா