நாலு விநாடிக்கு ஒரு டிஸ்க்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதைவிட ஒரு படி மேலாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு அம்மா நடுவில் உட்கார்ந்திருப்பாள், நான் ஓரமாக இருமுவதற்கு மட்டும் அனுமதி. எனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம், அதிலும் ஒரு பகுதி அவள் காதுக்குப் போகக்கூடாதது.

போன மாதம் நீ ஒரு நல்ல காரியம் செய்தாய். அம்மா, நீ நடிச்ச படம் ஹெச்.டி. டிஸ்க்கா வந்திருக்காம் என்று ஒரே ஒரு வரி அனுப்பினாய். அனுப்பிவிட்டு நீ வேலைக்குப் போய்விட்டாய், நான் மாட்டிக்கொண்டேன். உனக்குத் தெரிந்த கதைதான். அம்மா நர்ஸாகச் சேர்ந்த புதிதில் அந்த ஆஸ்பத்திரியில் படம் பிடித்தார்கள். கதாநாயகி வராந்தாவில் அழுவாள், பின்னால் ஒரு நர்ஸ் தட்டோடு நடந்து போவாள். நாலு விநாடி. இந்தக் குடும்பத்தின் கலைச்சேவை மொத்தமும் அவ்வளவுதான். டிவியில் எப்போது போட்டாலும் அந்த நர்ஸ் வெள்ளையாக ஒரு பூச்சாகத்தான் தெரிவாள், இன்டர்நெட்டில் இருக்கும் படத்தில் நீளம் கருதி வராந்தாவையே வெட்டிவிட்டார்கள். ஆகவே டிஸ்க் வேண்டும் என்றாள்.

விலை கேட்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சொன்ன தொகையைக் கேட்டதும், சேர்ந்து நடித்தவர்கள் எல்லோரும் கூடவே வீட்டுக்கு வருவார்களா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சார், இதுல நடிகர் மூக்கு மேல இருக்கிற வியர்வை கூட முத்து முத்தா தெரியும் என்றார். தினமும் பஸ்ஸில் அடுத்தவர் மூக்கு வியர்வையை டிக்கெட் காசிலேயே பார்த்துக்கொண்டு வருகிறவனுக்கு இதெல்லாம் ஆடம்பரம் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு ஒரு மாத மளிகை, கரண்ட் பில், என் பிரஷர் மாத்திரை மூன்றும் சேர்ந்த தொகை அது, மகளே. ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். அந்த ஒரு வாரமும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, டிவியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எட்டாம் நாள் போய் வாங்கி வந்தேன்.

பழைய பிளேயரில் போட்டால் உள்ளே இழுத்த வேகத்தில் வெளியே துப்பியது. இதற்கென்று தனி பிளேயர் வேண்டுமாம், அதற்குத் தனி ஒயர். யானையை வாங்கிய பிறகு அங்குசம் இலவசமா என்று கேட்பவனைப் போல நின்றேன், கடைக்காரர் அதற்கும் சிரிக்கவில்லை, இரண்டையும் கட்டிக் கொடுத்தார். டிஸ்க் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வேறு கொடுத்திருந்தார்கள். முப்பத்தாறு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் கையில் அதைக் கொடுக்கலாமா? பன்னிரண்டு பக்கத்தில் பத்தொன்பது பிழை, கதாநாயகியின் பெயரையே இரண்டு விதமாகப் போட்டிருக்கிறார்கள். வியர்வைத் துளிக்குக் கொடுத்த மரியாதையில் பாதியை ஒற்றெழுத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

போட்டுப் பார்த்த அன்று உன் அம்மா சும்மா இருப்பாளா. மாடி வீட்டு டீச்சர், அவர் மாமியார், எதிர் வீட்டுத் தையல்காரர் எல்லோரையும் கூப்பிட்டாள். சமையலறையில் குழாய் மாற்ற வந்தவரைக்கூட, தண்ணி எங்கேயும் போயிடாது, நீங்களும் உட்காருங்க என்று நாற்காலி போட்டுக் கொடுத்தாள். வராந்தா காட்சி வந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சுவரில் வெள்ளையடித்த தூரிகைக் கோடு தெரிகிறது, தட்டில் இருக்கும் பஞ்சு தெரிகிறது, அந்த நர்ஸின் மேலுதட்டு மச்சம் தெரிகிறது. உன் அம்மாவுக்கு மச்சம் கிடையாது. குழாய்க்காரர்தான் கையில் ஸ்பேனரோடு, வெள்ளை மனசாக, இது நீங்க இல்லையேம்மா என்றார். அம்மா கொஞ்சம் பின்னாடி போடச் சொன்னாள். போட்டேன். இன்னொரு தடவை என்றாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி அணைத்துவிட்டு, குழாய் வேலை முடிஞ்சுதா என்று அவரைக் கேட்டாள்.

இனி எழுதுவதை அம்மாவிடம் போனில் வாசித்துவிடாதே. எனக்கு இது முப்பத்தொன்பது வருஷமாகத் தெரியும். பெண் பார்க்கப் போனபோது உன் பெரிய மாமா, பொண்ணு சினிமாவுல நடிச்சிருக்கு என்று பெருமையாகச் சொன்னார். நான் மறுநாளே தியேட்டருக்குப் போய் முதல் வரிசையில் கழுத்து வலிக்க உட்கார்ந்து இரண்டு காட்சி பார்த்தேன். அத்தனை பெரிய திரையில் மச்சம் தெரியாமல் போகுமா? பொய் சொல்கிறார்கள் என்று எனக்குக் கோபம். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் தெரியாது, முகம் மனசில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். கல்யாணமாகி பத்தாம் நாள் அவளே ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்தி, கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அந்த நடையை எனக்கு நடந்து காட்டினாள். அப்போதுதான் புரிந்தது, அவள் பொய் சொல்லவில்லை, நம்புகிறாள்; நைட் டியூட்டியில் தியேட்டரில் அதைப் பார்த்ததே இல்லையாம். என் உத்தியோக வாழ்க்கையில் தெரிந்தே திருத்தாமல் விட்ட பிழை அது ஒன்றுதான். டிவியின் மங்கலுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டினேன். அந்தக் கடையில் விலை அதிகம் என்று நான் திரும்பி வந்ததில் பாதிதான் விலைக்காக.

இரண்டு நாள் அவள் பேசவில்லை. சமைத்தாள், துவைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், பேச்சு மட்டும் இல்லை. நானும் வாயைத் திறந்தால் ஏதாவது உளறிவிடுவேனோ என்று பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள், அது வலிக்காத ஊசி என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவளோடு வேலை பார்த்த சிநேகிதியாம், ஊசி போட்டால் வலிக்காது என்பதால் வார்டில் அந்தப் பெயர். பழைய நர்ஸுகள் நாலைந்து பேரிடம் விசாரித்து நம்பரைப் பிடித்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினார். உதட்டு மேல் மச்சம் அப்படியே இருக்கிறது.

அவர் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. காலையிலிருந்து ஆறு தடவை ஒத்திகை நடந்தவள் உன் அம்மாதான். நிஜமாகப் படம் பிடிக்கப் போகிற நேரத்தில் உள்ளே நாலாம் நம்பர் கட்டிலில் இருந்தவர் எழுந்து நிற்கப் பார்த்துச் சாய்ந்திருக்கிறார், இவள் தட்டைப் பக்கத்தில் நின்ற இந்தச் சிநேகிதியின் கையில் திணித்துவிட்டு ஓடியிருக்கிறாள். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒத்திகையில் தான் நடந்ததையே படமாக எடுத்துவிட்டார்கள் என்று இவள் நினைத்துக்கொண்டாள். அந்த அம்மாளோ, தான் நடந்ததை வெட்டிவிட்டதாக யாரோ சொன்னதைக் கேட்டு, படத்தையே பார்க்கவில்லை. டிஸ்கைப் போட்டு நிறுத்திக் காட்டினோம். அவர் வீட்டில் ஒரு தடவை வெள்ளம் புகுந்து பழைய போட்டோ எல்லாம் போய்விட்டதாம், இருபத்திரண்டு வயசில் தான் எப்படி இருந்தோம் என்பதே மறந்துபோயிருந்தது. எழுந்து போய் டிவிமேல் விரலை வைத்தார். உன் அம்மா துடைத்துத் துடைத்து வைத்த டிவி அது, இருந்தும் அவள் தடுக்கவில்லை. இவ்வளவு ஒல்லியாவா இருந்தேன் என்று கேட்டு அவர் சிரித்தார், சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்த நாலாம் நம்பர் என்ன ஆனார் என்று கேட்டாள். நீ பிடிக்காம விட்டிருந்தா மண்டை உடைஞ்சிருக்கும், பத்து நாள்ல தானா நடந்து வீட்டுக்குப் போனார், உன்னைத் தேடிச் சொல்லிட்டுப் போனாரே, மறந்துட்டியா என்றார் அவர். மறந்துதான் போயிருந்தாள்.

நேற்று அச்சகத்தில் என்னோடு இருந்த பைண்டர் மனைவியோடு வந்திருந்தார். நீங்க நடிச்ச படம் இருக்காமே என்று அந்தப் பெண் கேட்டது. உன் அம்மா அசரவில்லை. வாங்க, நான் இல்லாத இடத்தைக் காட்டறேன் என்று கூட்டிப் போனாள். வராந்தா ஓரத்தில் பாதி திறந்த கதவு ஒன்று இருக்கிறது, அதற்குப் பின்னால் வெறும் இருட்டு. அதைக் காட்டி, இந்த நேரம் நான் உள்ளே ஒருத்தரைத் தாங்கிப் பிடிச்சிட்டிருக்கேன் என்றாள். அவர்கள் இரண்டு பேரும் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும்தான்.

குட்டிக்கு எங்கள் முத்தம், மாப்பிள்ளைக்கு ஆசி, உனக்கு எது நல்லதோ அது தேடி வந்து சேரட்டும். இடுப்பு வலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னேனே, பார்த்தாயா? இன்னொன்று. இதைவிட நாலு மடங்கு தெளிவான டிஸ்க் வரப்போகிறது என்று கடைக்காரர் ஆசை காட்டுகிறார். தெரியாத்தனமாக அம்மாவுக்குச் செய்தி அனுப்பிவிடாதே. இந்த வீட்டுக்கு இவ்வளவு தெளிவு போதும்.

என்றும் உன் நலனே நினைக்கும்,
அப்பா
(கடிதத்தில் பிழை இருந்தால் திருத்தாமல் விட்டுவிடு.)